காருக்குள் 230 வோல்ட் எதற்கு?

காரில் கணினி பொருத்த வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: “நல்ல இன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க சார். அப்புறம் வீட்ல ஓடுற கம்ப்யூட்டர் அப்படியே கார்லயும் ஓடும்.” சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சாமான் விற்பவர் இதைச் சொல்கிறார். ரிச்சி தெருவில் கணினி உதிரிகள் விற்பவரும் இதையே சொல்கிறார். வண்டி வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் மறுபேச்சில்லாமல் அதையே செய்து கொடுக்கிறார். நடமாடும் மருத்துவ வண்டியோ, படப்பிடிப்பு வேனோ, ஊர் ஊராகப் போகும் கண் பரிசோதனை முகாம் வண்டியோ, எதில் ஏறிப் பார்த்தாலும் இருக்கைக்கு அடியில் ஒரு இன்வெர்ட்டரும் அதில் செருகிய சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் (மேசைக் கணினியின் மின்வழங்கி) கிடக்கின்றன. இந்த ஏற்பாடு தவறு. வண்டியிலேயே நிலையாகப் பொருத்தும் கணினிக்கு இது அடிப்படையிலேயே பொருந்தாது.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கார் பேட்டரியின் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை இன்வெர்ட்டர் தன்மேல் வாங்கிக்கொண்டு சீரான 230 வோல்ட்டைக் கொடுக்கும். ஆகவே கணினிக்கு அது காவல் என்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போனால் எந்தச் சிற்றூரிலும் அரை மணி நேரத்தில் வேறொன்று வாங்கி மாட்டலாம். காருக்கென்றே செய்த மின்வழங்கிப் பலகை கெட்டுப்போனால் அதை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டும். அதே இன்வெர்ட்டரில் மானிட்டரும் பிரிண்டரும் கேமரா சார்ஜரும் செருகிக்கொள்ளலாம். வாட் கொஞ்சம் தாராளமாக வாங்கிவிட்டால் நாளைக்குக் கணினியைப் பெரிதாக்கினாலும் கவலை இல்லை. இந்த நான்கும்தான் அவர்கள் பக்கம். நான்குமே கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத்தான் படுகின்றன.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். 2012 வாக்கில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. நடுத்தரக் குடும்பங்களில் இன்வெர்ட்டர் பரவலானது அந்த ஆண்டுகளில்தான். பேட்டரி இருந்தால் இன்வெர்ட்டர் வேண்டும், இன்வெர்ட்டர் இருந்தால் கணினி ஓடும் என்பது பட்டுக் கற்ற பாடம். வீட்டைப் பொறுத்தவரை சரியான பாடமும்கூட. ஆனால் வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி ஒரு மூலையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொண்டு யாரும் இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்புவதில்லை. கார் பேட்டரிக்கு முதல் வேலையே அதுதான்.

1. கார் மின்சாரம் 12 வோல்ட் என்று யார் சொன்னது?

பேட்டரியின் முதுகில் 12 என்று அச்சிட்டிருப்பது அதன் வகையைக் காட்டும் எண். அதில் ஆறு அறைகள் இருக்கின்றன. முழுதாக ஏறி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.2க்கு வரும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 13.8 முதல் 14.4 வரை நிற்கும். செல்ஃப் எடுக்கும் கணத்தில் 9க்கோ 8க்கோ விழும். பேட்டரி பழசாகி, காலைக் குளிரும் சேர்ந்துகொண்டால் 6 வரை இறங்கும்.

மேல்பக்கம் இன்னும் மோசம். ஆல்டர்னேட்டர் பலமாக சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கையில் பேட்டரி முனையம் தளர்ந்து கழன்றுவிட்டால், போக இடமில்லாத அந்த மின்னோட்டம் வண்டியின் மின்தடம் முழுவதையும் மேலே தூக்கும். வாகன மின்சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலை, 12 வோல்ட் வண்டிகளில் இதற்காக வைத்திருக்கும் சோதனை 79 முதல் 101 வோல்ட் வரையிலான எழுச்சி. அது 400 மில்லிநொடி வரை நீடிக்கும். இக்காலத்து ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அதைக் கட்டுப்படுத்தும் டயோடுகள் இருக்கின்றன. அப்போதும் 35 வோல்ட் வரை வரலாம் என்று வைத்துத்தான் சோதிக்கிறார்கள். நடுவழியில் பேட்டரி இறங்கிவிட்டால் லாரிக்காரர் தம் 24 வோல்ட்டிலிருந்து கம்பி போட்டு வண்டியைக் கிளப்பிவிடுவது நம் நெடுஞ்சாலைகளில் நடப்பதுதான். அதே தரநிலையில் 24 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கும் சோதனையும் இருக்கிறது. சாலையில் நடப்பதைப் பார்த்து எழுதிய சோதனைகள் இவை.

இந்த வீச்சில் சாதாரண 12 வோல்ட் இன்வெர்ட்டர் வேலை செய்யும் பகுதி எது? கீழே 10.5 அல்லது 11, மேலே 15 அல்லது 15.5. அதற்கு வெளியே போனால் அது அணைந்துவிடுகிறது. ஏற்ற இறக்கத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது என்று சொல்வதன் உண்மைப் பொருள் இவ்வளவுதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணினியைக் கைவிடும் சாதனத்தைக் கணினிக்குக் காவல் என்று எப்படிச் சொல்வது? இதற்கு எதிரில் வண்டிக்கென்றே செய்த மின்வழங்கியை வைத்துப் பாருங்கள். மினி-பாக்ஸ் நிறுவனத்தின் எம்2-ஏடிஎக்ஸ் பலகை 160 வாட் கொடுப்பது. அதன் உள்ளீடு 6 முதல் 24 வோல்ட் வரை. 250 வாட் கொடுக்கும் எம்4-ஏடிஎக்ஸ் 6 முதல் 30 வரை வாங்கும். உள்ளங்கை அளவுப் பலகைகள் இவை. இன்வெர்ட்டர் அணைந்துபோகும் இடத்தில் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

2. செல்ஃப் எடுக்கும் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது?

எதிர்த்தரப்பினரில் பெரும்பாலோர் இந்த நொடியை அளந்து பார்த்ததில்லை. அளந்தவர்களும் தவறான கருவியால் அளந்திருக்கிறார்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை பேட்டரி முனையங்களில் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொன்னால், 12.5 என்ற எண் 10 பக்கம் இறங்கி, உடனே 14க்கு ஏறும். “பத்துக்குக் கீழ போகவே இல்லையே” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றுகிறது. அதே இடத்தில் ஆசிலாஸ்கோப்பை வைத்தால் படம் வேறு. நின்றிருக்கும் செல்ஃப் மோட்டார் முதல் சுற்றுக்காக நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். கோடு செங்குத்தாக 7, 8 வோல்ட்டுக்கு விழுந்து, சில பத்து மில்லிநொடிகள் அங்கேயே கிடக்கும். மோட்டார் சுழலத் தொடங்கியதும் 10 பக்கம் ஏறி, ஒவ்வொரு பிஸ்டன் அழுத்தத்துக்கும் ஒருமுறை நெளிந்து நெளிந்து போகும். இன்ஜின் பற்றிக்கொண்ட பிறகே 14ஐ நோக்கி எழும். மீட்டர் காட்டிய 10 என்பது அந்த நெளிவின் சராசரி. கணினியை வீழ்த்துவது முதலில் வந்த அந்தப் பள்ளம். மீட்டரின் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

அந்தப் பள்ளத்தில் இன்வெர்ட்டர் அணைகிறது. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே தேக்கிவைத்திருக்கும் மின்சாரம் எவ்வளவு நேரம் தாங்கும்? மேசைக் கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வழிகாட்டி முழுச் சுமையில் கேட்பது ஏறக்குறைய 16 மில்லிநொடி. சுமை குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். செல்ஃப் ஓடுவது ஒரு நொடி என்று வைத்தாலும் அது இதைப் போல அறுபது மடங்கு. தப்பிக்க வழியே இல்லை.

பேட்டரி புதிது, பள்ளம் ஆழமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்த இன்வெர்ட்டர் அணையும். பெரும்பாலான கார்களில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது சாக்கெட், ரேடியோ போன்ற துணைச் சாதனங்களின் இணைப்பை வண்டியே துண்டித்துவிடுகிறது. முழு வலுவும் செல்ஃபுக்குப் போகட்டும் என்பதற்காகத் திட்டமிட்டே செய்த ஏற்பாடு அது. எவ்வளவு விலை உயர்ந்த இன்வெர்ட்டர் வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக அணைந்து, மறுபடி தானாகக் கிளம்பும் கார்களில் ஒரே பயணத்தில் எத்தனை முறை செல்ஃப் எடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

“வண்டியைக் கிளப்பிய பிறகு கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க, அவ்வளவுதானே?” என்று பதில் வரும். முகாம் வண்டியில் மருத்துவர் நோயாளியின் விவரத்தைப் பதிந்துகொண்டிருக்கிறார். நிழலில் நிறுத்துவதற்காக ஓட்டுநர் வண்டியைப் பத்தடி நகர்த்துகிறார். பாதி எழுதிய பதிவு போய்விடுகிறது. போனது திரையில் இருந்தது மட்டும் என்றால் நல்ல வேளை. சாதாரண எஸ்எஸ்டிகளில், மின்சாரம் திடீரென்று நின்றால் கையிலிருக்கும் எழுத்து வேலையை முடித்துக்கொள்வதற்கான மின்தேக்கிகள் கிடையாது. அவை விலை கூடிய சர்வர் ரகங்களில்தான் உண்டு. ஒவ்வொரு செல்ஃபுக்கும் ஒருமுறை கோப்பு அமைப்பு அடிபடும் அபாயம் இருக்கிறது. ஒருநாள் கணினி எழுந்திருக்காது. அப்போது குற்றம் எஸ்எஸ்டியின் தலையில் விழும்.

3. இரண்டு முறை மாற்றுவதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அந்த 230ஐ மறுபடி 12, 5, 3.3 ஆக இறக்குகிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பகுதி சூடாகப் போகிறது. கணினி 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இன்வெர்ட்டர் 85 சதவீதத் திறன் உள்ளது. 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி இவ்வளவு குறைந்த சுமையில் 75 சதவீதம் கொடுத்தால் பெரிது. மின்வழங்கிகளின் திறனுக்கு வழங்கும் 80 பிளஸ் சான்றிதழின் பெரும்பாலான தரங்களில் அளவீடே 20 சதவீதச் சுமையிலிருந்துதான் தொடங்குகிறது, இங்கே சுமை 13 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் பேட்டரியிலிருந்து 94 வாட் போகிறது. அதாவது ஏறக்குறைய 7.8 ஆம்பியர். நேரடி டிசி மின்வழங்கி 92 சதவீதத் திறனில் இதையே 65 வாட்டில், 5.4 ஆம்பியரில் முடித்துவிடுகிறது.

இன்ஜின் ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிறுத்திய வண்டியில் தெரியும். சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. மறுபடி கிளம்ப வேண்டும் என்பதால் அதில் பாதிக்கு மேல் தொடக்கூடாது. அந்தப் பாதியில் இன்வெர்ட்டர் வழி இரண்டேகால் மணி நேரம் கிடைக்கும். நேர்வழி மூன்றேகால் மணி நேரம். வீணாகும் 34 வாட்டும் மூடிய வண்டிக்குள்ளேயே, பெரும்பாலும் இருக்கைக்கு அடியில், வெப்பமாக நிற்கிறது.

விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது படிக்கட்டுப் போன்ற அலை. ‘மாடிஃபைட் சைன்’ என்ற பெயரில் விற்கிறார்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளில் இருக்கும் பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைத் திருத்தும்) சுற்று சீரான சைன் அலையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. இந்த அலையில் சில பெட்டிகள் ரீங்கரிக்கும், சில கிளம்பவே மறுக்கும். கணினிக்கு நல்ல பெட்டியாக வாங்குபவர்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்.

4. வாட் கூடினால் பாதுகாப்பு கூடுமா?

கூடாது. 500 வாட் இன்வெர்ட்டர் தன் முழு அளவைக் கொடுக்க 12 வோல்ட்டில் 49 ஆம்பியர் இழுக்க வேண்டும். லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், மிஞ்சினால் 20. பதினைந்து ஆம்பியரில் 180 வாட்டுக்கு மேல் உள்ளே போகவே முடியாது. பெட்டியின்மேல் அச்சிட்ட 500 அந்தச் சாக்கெட்டில் ஒருநாளும் வெளிவராத எண்.

அடுத்து நடப்பதுதான் எனக்குக் கோபம் மூட்டுகிறது. ஃப்யூஸ் போகிறது. “பெரிய ஃப்யூஸா போட்டுடுங்க” என்கிறார்கள். போட்டும் விடுகிறார்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது சுவருக்குள்ளும் டேஷ்போர்டுக்குள்ளும் ஓடும் வயரை. பதினைந்து ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரில் முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் மாட்டுவது, காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவதற்குச் சமம். டேஷ்போர்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அந்த வயரின் உறை மெதுவாக இளகத் தொடங்கும். பக்கத்தில் பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான் இருக்கின்றன. இந்த யோசனையைச் சொல்பவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. சாவியைத் திருப்பிவிட்டோம் என்று கணினிக்கு யார் சொல்வது?

வீட்டில் இந்தக் கேள்வியே எழாது. காரில் முதல் கேள்வியே இதுதான். ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறார். சாவியோடு சேர்ந்து அணையும் இணைப்பில் இன்வெர்ட்டர் இருந்தால் கணினி மென்னி முறிந்தாற்போல் நிற்கிறது. நேரடியாக பேட்டரியில் மாட்டியிருந்தால் அணைவதே இல்லை. இன்வெர்ட்டர் வழியில் மூன்றாவது ஏற்பாடு கிடையாது. யாராவது ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு முறைப்படி கணினியை நிறுத்தி, பிறகு இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஒருநாள் மறப்பார்கள்.

மறந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். எதுவும் ஓடாதபோதும் தன் செலவுக்கே அரை ஆம்பியர் எடுக்கும் இன்வெர்ட்டர்கள் ஏராளம். ஒருநாளுக்கு 12 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலை கிளம்பாது. “லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் இருக்கே” என்பார்கள். அது எங்கே இருக்கிறது? 10.5 வோல்ட்டில். ஆறு அறை ஈய பேட்டரியில் 10.5 என்பது முழுதாகத் தீர்ந்துவிட்டது என்பதற்கான அளவு. அந்த எல்லைவரை உறிஞ்சிவிட்டு அணைவதால் வண்டிக்கு ஒரு பயனும் இல்லை. ஸ்டார்ட்டிங் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. நாலைந்து முறை இப்படி வற்றவிட்டால் பேட்டரியே போய்விடும்.

வண்டிக்கான மின்வழங்கிப் பலகை இதை எப்படிச் செய்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அதற்கு மூன்று வயர்கள் போகின்றன: பேட்டரியிலிருந்து நிலையான இணைப்பு ஒன்று, பாடி எர்த் ஒன்று, சாவியோடு உயிர்பெறும் மெல்லிய வயர் ஒன்று. பலகையிலிருந்து இரண்டு இழைகள் மதர்போர்டின் பவர் சுவிட்ச் முனைகளுக்குப் போகின்றன. சாவி திரும்பியதும் பலகை சில நொடி காத்திருந்து, விரலால் சுவிட்சை அழுத்தியதுபோல் ஒரு துடிப்பு கொடுக்கும். கணினி எழும். சாவியை அணைத்தால் உடனே எதுவும் செய்யாது. நாம் வைத்த நேரம்வரை பொறுத்திருக்கும். அதற்குள் சாவி மறுபடி திரும்பிவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கணினி ஓடிக்கொண்டே இருக்கும். செல்ஃப் எடுக்கும்போது சாவி வயர் ஒரு நொடி செத்துப் பிழைப்பதையும் இந்தப் பொறுமைதான் கடந்துபோகிறது. நேரம் முடிந்ததும் மறுபடி ஒரு துடிப்பு. இயங்குதளம் முறைப்படி கோப்புகளை மூடிவிட்டு நிற்கும். பிறகு மதர்போர்டுக்குப் போகும் காத்திருப்பு மின்சாரமான அந்த 5 வோல்ட்டையும் பலகை துண்டித்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்கும் தனி முனை இருக்கிறது. கணினி எழும்போது ஸ்பீக்கர் ‘டப்’ என்று அதிராமல் இருக்க. இத்தனைக்கும் ஓட்டுநர் செய்ய வேண்டியது சாவியை எடுத்துக்கொண்டு போவது மட்டும்.

செல்ஃப் நேரத்துக் கணப் பள்ளத்துக்கு அணையாமல், பேட்டரி தொடர்ந்து இறங்கியே நின்றால் அணையும் இந்தப் பலகைகளின் கட்-ஆஃப் பெரும்பாலும் 11 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. எனக்கு அதுவும் போதாது. மாற்ற வழியுள்ள பலகை என்றால் 12க்குப் பக்கத்தில் வையுங்கள்.

6. இரும்பு வண்டிக்குள் 230 வோல்ட்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வடிகட்டி மின்தேக்கிகள் இரண்டு மின்முனைகளிலிருந்தும் பெட்டியின் உலோகக் கூட்டுக்கு இணைந்திருக்கும். கசியும் சிறு மின்னோட்டம் மூன்றாவது பின் வழியே பூமிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ரப்பர் டயரில் நிற்கும் வண்டியில் பூமி ஏது? கேபினட்டைத் தொட்டால் விரல் விறுவிறுக்கும். மழையில் நனைந்து வந்து ஏறும் ஒருவர் அதைத் தொடுவார். விபத்தில் வண்டி நசுங்கினால், 12 வோல்ட் வண்டி என்று நம்பிக் கை விடும் மீட்புப் பணியாளருக்கு உள்ளே 230 இருப்பது தெரியாது.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் அனைவரும் பின்பற்றும் கணக்கு. வீட்டு மேசைக்கடியில் இருப்பதற்காகச் செய்த பெட்டியை அங்கே வைக்கிறோம்.

7. “கெட்டுப்போனால் எங்கே வாங்குவது?”

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. மற்ற மூன்றைவிட இது கனமானது. தேனியிலோ அறந்தாங்கியிலோ எம்4-ஏடிஎக்ஸ் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். எஸ்.எம்.பி.எஸ். கேட்டால் உடனே எடுத்து நீட்டுவார்.

ஆனால் ஏன் கெட்டுப்போகிறது என்றும் கேட்க வேண்டும். மேசைக் கணினியின் மின்வழங்கி குலுங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெரிய மின்தேக்கிகளும் கம்பிச் சுருள்களும் உள்ளே நிமிர்ந்து நிற்கின்றன. வேகத்தடை ஒவ்வொன்றும் அவற்றின் பற்றவைப்பை அசைக்கிறது. அதோடு பழுதாக இரண்டு பெட்டிகள், இரண்டு விசிறிகள், நடுவில் குலுங்கித் தளரும் ஒரு பிளக். எளிதில் கிடைக்கும் மாற்று, அடிக்கடி தேவைப்படும் மாற்றாகவும் இருந்தால் அதை வசதி என்று எண்ணுவது தவறு. உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றைக் கூடுதலாக வாங்கி வண்டியின் கையுறைப் பெட்டியில் வைத்துவிட்டால் இந்தக் கவலையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆரம்ப விலை கூடும், உண்மை. ஓர் எஸ்எஸ்டியும் ஒரு பேட்டரியும் சாகாமல் காத்தால் அது திரும்பிவிடும்.

கார் தயாரிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இன்று சாதாரணக் காரில்கூட இன்ஜினுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, பாட்டுத் திரைக்கு ஒன்று என்று கணினிகள் இருக்கின்றன. எதுவும் 230 வோல்ட் வழியாகச் சுற்றி வருவதில்லை. அனைத்தும் வண்டி மின்சாரத்தை நேரடியாக வாங்கி, அகன்ற வீச்சைத் தாங்கும் மாற்றிகளில் இறக்கிக்கொள்கின்றன. சிக்னலில் தானாக அணையும் வண்டிகள் பலவற்றில், செல்ஃப் நேரத்து இறக்கத்தைத் தூக்கிப்பிடிக்கவென்றே ஒரு சிறு டிசி மாற்றியைக் கூடுதலாக வைக்கிறார்கள்.

இன்வெர்ட்டரை விட்டவர்கள் விழும் இன்னொரு குழியையும் சொல்ல வேண்டும். “கம்ப்யூட்டருக்கு 12 வோல்ட் வேணும், கார்ல 12 வோல்ட் இருக்கு, நேரா கொடுத்துடலாம்” என்பது அது. ஏடிஎக்ஸ் தரம் 12 வோல்ட் தடத்துக்கு விடும் இடம் ஐந்து சதவீதம்: 11.4 முதல் 12.6 வரை. ஓடும் கார் கொடுப்பது 14.4. பிக்கோபிஎஸ்யூ என்ற சிறு பலகையின் அடிப்படை ரகத்தைக் காருக்கு வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அது 5, 3.3 வோல்ட்டுகளை உண்டாக்கும். 12 வோல்ட்டை மட்டும் வந்தபடியே மறுபக்கம் கடத்திவிடும். அதே குடும்பத்தில் ‘அகன்ற உள்ளீடு’ என்று விற்கும் ரகம் ஒன்று 12 முதல் 25 வரை வாங்கும். மேலெண் அருமை. கீழெண் 12, செல்ஃபில் அது நிற்காது. தொழிற்சாலைகளுக்கான நல்ல மாற்றிகளில்கூட 9.2 முதல் 18 வரை என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது. விசிறியில்லாச் சிறு கணினிகளில் 9 முதல் 36 வரை என்று போட்டிருக்கும். அவையும் 7 வோல்ட் பள்ளத்தில் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே பெட்டியைக் கையில் எடுத்ததும் வாட்டைப் பார்க்காதீர்கள். உள்ளீட்டின் கீழெண்ணைப் பாருங்கள். 6 என்றிருந்தால் மேலே படியுங்கள். அடுத்து சாவி வயருக்கு முனை இருக்கிறதா என்று பாருங்கள். மேலெண்ணும் எழுச்சியைத் தாங்கும் காப்பும் அதற்கடுத்து. வாட் கடைசியில்தான், கணினி உச்சத்தில் எடுப்பதை வாட்மீட்டரில் அளந்து, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் போதும்.

வயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 65 வாட் இழுக்கும் மின்வழங்கி 13.8 வோல்ட்டில் 4.7 ஆம்பியர் எடுக்கும். அதே வாட்டைக் கொடுக்க 6.5 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். மின்னழுத்தம் விழும் கணத்தில்தான் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகிறது. பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போக ஐந்து மீட்டர், திரும்ப ஐந்து மீட்டர் என்று 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தால், 10 ஆம்பியரில் வழியிலேயே 1.15 வோல்ட் தீர்ந்துவிடும். பலகைக்கு 5.35தான் போய்ச்சேரும், 6க்குக் கீழ். விலை கொடுத்து வாங்கிய நல்ல மின்வழங்கியும் அணையும், “பாத்தீங்களா, இன்வெர்ட்டரே தேவலை” என்று பேச்சும் கிளம்பும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். ஃப்யூஸ் பேட்டரி முனையத்திலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். பாடி எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை முடுக்குங்கள்.

லாரி, ஆம்னி பஸ் என்றால் கணக்கு வேறு. அங்கே 24 வோல்ட்; சார்ஜ் ஏறும்போது 28. மேலெண் 24 என்றுள்ள பலகை முதல் நாளே போய்விடும். 30 என்பதும் மயிரிழையில் நிற்பதுதான். 36 அல்லது அதற்கு மேல் தேடுங்கள்.

இன்வெர்ட்டருக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மடிக்கணினிக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது. செல்ஃப் பள்ளத்தை அது தாண்டிக்கொள்ளும். எப்போதாவது சார்ஜ் போட எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். முகாம் வண்டியில் லேசர் பிரிண்டரோ மருத்துவக் கருவியோ 230 கேட்டால் இன்வெர்ட்டர் வேண்டியதுதான். சைன் அலை தரும் நல்ல இன்வெர்ட்டரை வாங்கி, ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடாமல், ஐசொலேட்டர் வழியாக சார்ஜ் ஏறும் தனி டியூபுலர் பேட்டரியில் அதை மாட்டுங்கள். கணினியை அதில் செருகாதீர்கள்.